தாது வருஷத்தில் விற்ற புஞ்சை: காதல் நாவலும் தலைமுறை நாவலும் வரலாற்றோடு சேரும் இடம்

மதுரையை ஆண்ட சொக்கநாத நாயக்கர், தஞ்சை விஜயராகவ நாயக்கரின் மகளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். தஞ்சை மறுத்துவிட்டது. அதில் மூண்ட பகை 1673-ல் போராக முடிந்தது. கோட்டை இனி நிற்காது என்று தெரிந்ததும், அந்தப்புரத்துப் பெண்கள் எதிரி கையில் சிக்கக் கூடாது என்று விஜயராகவர் அந்தப்புரத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சொன்னார். தானும் களத்தில் மாண்டார். செங்கமலதாஸ் என்ற சிறுவனை மட்டும் ஒரு செவிலித்தாய் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குத் தப்பினாள் என்றும், அங்கே ஒரு வணிகர் வீட்டில் அவன் வளர்ந்தான் என்றும் சொல்கிறார்கள்.

இதே சம்பவத்தை இரண்டு நாவலாசிரியர்கள் கையில் எடுத்தால் இரண்டு வேறு புத்தகங்கள் வரும். ஒருவர் பெண் கேட்டுப் போன தூதிலிருந்து தொடங்குவார். அவளுக்கு விருப்பம் இருந்ததா, மதுரைக்காரரை அவள் பார்த்திருக்கிறாளா, அப்பாவின் மறுப்பு அவள் காதில் எப்படி விழுந்தது என்று போகும். அது வரலாற்றுக் காதல் நாவல். இன்னொருவர் செவிலித்தாயின் பின்னாலேயே நடப்பார். பையன் யார் என்பதை வணிகர் வீட்டில் எத்தனை பேருக்குச் சொன்னாள், வளர்ந்தபின் அவன் எந்தக் குடும்பத்தைத் தன் குடும்பம் என்று நினைத்தான், அவன் பேரப்பிள்ளைகளுக்கு எது மிஞ்சியது என்று போகும். அது தலைமுறை நாவல். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று குறிப்பிடப்படும் ‘மோகனாங்கி’, 1895-ல் வந்தது, முதல் வழியில் போனது. சொக்கநாதர்தான் அதன் நாயகன். எழுதியவர் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை. ஆக, தமிழில் வரலாற்று நாவல் பிறந்தபோதே மதுரை அரசரும் ஒரு கல்யாணப் பேச்சும் அதில் இருந்தார்கள்.

வாசிக்கப் புதிதாக வருபவர்களுக்கு இந்த இரண்டு வகையும் ஒன்றுபோலத் தோன்றுவது இயல்பு. இரண்டிலும் பழைய காலம் வருகிறது, போர் வருகிறது, பிரிவு வருகிறது. ஆனால் பக்கத்தைப் புரட்ட வைக்கும் கேள்வி வேறு. காதல் நாவலில் ‘இவர்கள் சேர்வார்களா’ என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறோம். தலைமுறை நாவலில் ஒரு ஜோடி சேர்ந்தாலும் பிரிந்தாலும் கதை நிற்காது. அவர்கள் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அங்கே கேள்வி ‘இந்த வீட்டில் என்ன மிஞ்சும், அது யாரிடம் போய்ச் சேரும்’ என்பது. காதல் நாவலுக்கு ஒன்றிரண்டு வருஷம் போதும். தலைமுறை நாவலுக்குக் குறைந்தது மூன்று தலைமுறை வேண்டும், ஏனென்றால் தாத்தா எடுத்த முடிவின் முழு விலை பேரன் காலத்தில்தான் தெரியும்.

கொந்தளிப்புக் காலம் ஏன் இரண்டு வகைக்கும் இவ்வளவு பிடித்திருக்கிறது? போர் என்றால் விறுவிறுப்பு என்பது காரணம் அல்ல. நம் ஊரில் ஒரு கல்யாணத்தை எது முடிவு செய்கிறது என்று யோசித்தால் விடை கிடைக்கும். முறை இருக்கிறதா, சாதி என்ன, நிலம் எவ்வளவு, சீர் எவ்வளவு, மாப்பிள்ளை என்ன தொழில், யார் வந்து பேசுகிறார்கள். சாதாரண காலத்தில் இவையெல்லாம் அசையாமல் நிற்கும். ஒரு பெண்ணின் வாழ்க்கை அவள் பிறக்கும் முன்பே பாதி எழுதப்பட்டிருக்கும். பஞ்சம், போர், அணை, ரயில் என்று ஏதோ ஒன்று வந்து இவற்றில் ஒன்றைப் பிடுங்கிப் போட்டால்தான் அவளுக்கு முன்னால் இரண்டு வழி தெரியும். முறைமாமன் பட்டாளத்தில் காணாமல் போகிறான். நிலம் ஏலத்தில் போகிறது. நேற்றுவரை கூலியாக இருந்தவன் கப்பலேறி வந்து காசோடு நிற்கிறான். ஒரு வீட்டுக்குள் வரலாறு நுழைகிற வாசல் பெரும்பாலும் கல்யாணப் பேச்சுத்தான்.

எப்படி என்று காட்ட, மேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். ஆட்கள் கற்பனை, அவர்களைச் சுற்றி நடப்பவை நடந்தவை. 1876-ல் மழை பொய்க்கிறது. பின்னால் தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் வாயில் நின்றுவிட்ட பெரும் பஞ்சம் தொடங்குகிறது. அண்ணனுக்கு வானம் பார்த்த புஞ்சை கொஞ்சம் இருக்கிறது. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கை வீட்டில் குதிரில் கொஞ்சம் கம்பு மிச்சம். அண்ணன் அந்தப் புஞ்சையைச் சில மரக்கால் கம்புக்குத் தங்கை புருஷனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டியோடு இராமநாதபுரம் கரைக்கு நடக்கிறான். தோணியேறி மன்னார், அங்கிருந்து காட்டு வழியே கண்டி மலை, காப்பித் தோட்டம். சில வருஷங்களில் காப்பிச் செடி நோயில் அழிகிறது, தேயிலை வருகிறது. அவனுக்கு அங்கேயே ஒரு மகள் பிறக்கிறாள்.

1895-ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய தண்ணீர் வைகைக்கு வருகிறது. வாய்க்கால் மேலூரைத் தொடுகிறது. சோளமும் கம்பும் விளைந்த இடத்தில் நெல் நிற்கிறது; புஞ்சை நஞ்சையாகிறது. தங்கை மகன் இப்போது நஞ்சைக்காரன். அந்த நேரத்தில் அண்ணன், தேயிலைத் தோட்டத்தில் இடுப்பொடிந்து, கல்யாண வயசு மகளோடு ஊர் திரும்புகிறான்.

அவள் மாமன் மகள். அவனுக்குத்தான் முறை. அந்த முறையை ஊரில் யாராலும் மறுக்க முடியாது. ஆனால் அவளை வீட்டுக்குள் எடுத்தால், அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்ற பேச்சும் சேர்ந்து உள்ளே வரும். தங்கை இப்போது என்ன செய்வாள்? அண்ணன் மகளை எடுத்துக்கொண்டால் பாவம் கழியும் என்று நினைப்பாளா? கண் முன்னால் தினமும் அந்தப் பெண் நடமாடினால் கம்பு அளந்து போட்ட நாள் நினைவுக்கு வரும் என்று பயப்படுவாளா? பையனுக்கும் பெண்ணுக்கும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது என்றால், அவர்கள் காதலுக்குக் குறுக்கே நிற்பது ஒரு வில்லன் அல்ல. ஒரு பஞ்சமும் ஓர் அணையும். யாரும் கெட்டவர் இல்லாமலேயே கதை இறுகுகிறது.

இதில் எதை எடுத்தாலும் கதை விழுந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். பஞ்சம் இல்லையென்றால் நிலம் கைமாறாது. பெரியாறு இல்லையென்றால் அந்த நிலத்துக்கு மதிப்பில்லை. தங்கை சிரித்த முகத்தோடு மருமகளைக் கூட்டி வந்திருப்பாள். ஒரு வரலாற்று நாவலை எடை போட நான் வைத்திருக்கும் சோதனையும் இதுதான். போரை, பஞ்சத்தை, ஆட்சி மாற்றத்தை நாவலிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். நாயகனும் நாயகியும் அப்படியே பழகி, அப்படியே பிரிந்து, அப்படியே சேர முடிகிறது என்றால் அங்கே வரலாறு வெறும் உடுப்புத்தான். குதிரையும் குத்துவாளும் இருந்தாலும் உள்ளே இருப்பது இன்றைய கதை.

ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ இந்தச் சோதனையில் அழகாகத் தேறும். சிங்கம்புணரிக்காரர், 1920-ல் பிறந்து, பதினெட்டு வயதில் இந்தோனேசியாவின் மேடானுக்குப் போய், போர் முடிந்தபின் 1946-ல் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். அந்த நாவல் பினாங்கில் நடக்கிறது. வட்டிக்கடை முதலாளியின் மகள் மரகதம். அதே கடையில் வேலை பார்க்கும் செல்லையா. போர் வராமல் இருந்திருந்தால் கணக்கு நன்றாக எழுதத் தெரிந்த, அடக்கமான அந்தப் பையனுக்கே பெண்ணைக் கொடுத்திருப்பார்கள். போர் வருகிறது. செல்லையா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்குப் போய்த் திரும்புகிறான். ஊருக்கு அவன் வீரன். முதலாளிக்கோ துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேட்டைப் பிடிக்காது. வட்டித் தொழிலுக்குப் பணிவு வேண்டும், பொறுமை வேண்டும். பட்டாளம் அதை அழித்துவிட்டது என்று அவர் நம்புகிறார். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதுதான் நம்மை வதைக்கிறது. தமிழில் வந்த பிரிவுக் கதைகளில் இதற்கு மேலே நான் வேறொன்றை வைக்க மாட்டேன்.

கொந்தளிப்பு என்றதும் வாளும் பீரங்கியும்தான் கண்ணில் வரும். மதுரைக்கு அதில் குறைவே இல்லை. 1311-ல் மாலிக் காபூர் படையெடுப்பு, பிறகு சுல்தான்கள் ஆட்சி, அதை முடித்த விஜயநகரத்துக் குமார கம்பணர். கம்பணரின் அந்தப் படையெடுப்பைப் பாடிய ‘மதுரா விஜயம்’ என்ற வடமொழிக் காவியத்தை எழுதியவர் அவர் மனைவி கங்காதேவி. போர்க் காவியத்தின் நடுவே தன் கணவனோடு கழித்த இன்பப் பொழுதுகளையும் பாடினார். காதலும் படையெடுப்பும் ஒரே ஏட்டில் வருவது நாவல் காலத்துப் புதுமை அல்ல.

ஆனால் ரத்தம் சிந்தாத கொந்தளிப்பும் உண்டு. நாவலுக்கு அதுவே சில நேரம் கூடுதலாகப் பயன்படும். 1840-களின் தொடக்கத்தில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடிக்க வைத்தார். இடித்து அகழியை நிரப்புபவர்களுக்கே அந்த இடத்தில் மனை கிடைத்தது. இன்றைக்கு நாம் பஸ்ஸுக்கும் துணிக்கடைக்கும் போகிற வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அப்படி வந்தவை. பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண். நாவலாசிரியர் கண்ணோடு இதைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் கோட்டைக்குக் காவல் இருந்த ஒரு குடும்பம் இருக்கிறது. சுவரே போன பிறகு அவர்கள் யார்? மண் சுமந்த ஒருவன் மனைக்காரனாகிறான். சுவரை நம்பி வாழ்ந்தவன் தெருவில் நிற்கிறான். இருவர் வீடும் இப்போது ஒரே தெருவில். அடுத்த தலைமுறைக் கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008) கோட்டை, காவல், களவு என்ற இந்தச் சரட்டைப் பிடித்துத்தான் பல நூற்றாண்டுகளைக் கடக்கிறது. 2011-ல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

வழக்கு இன்னொரு மெல்லிய கொந்தளிப்பு. 1801-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி தனக்கு வேண்டிய கௌரி வல்லபரைச் சிவகங்கை ஜமீன்தாராக்கியது. அவர் 1829-ல் இறந்தார். அண்ணன் வழி வாரிசுக்கா, மனைவி மகள் வழிக்கா என்று தொடங்கிய சண்டை கோர்ட்டு கோர்ட்டாகப் போய், 1863-ல் அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலில் மகள் கட்டம நாச்சியார் பக்கம் தீர்ந்தது. முப்பத்து நான்கு வருஷம். ஒரு வாய்தாவுக்கும் அடுத்த வாய்தாவுக்கும் இடையில் அந்த வீடுகளில் எத்தனை பிள்ளைகள் பிறந்திருக்கும், எத்தனை சம்பந்தங்கள் ‘கேஸ் முடியட்டும்’ என்று தள்ளிப் போயிருக்கும்! தலைமுறை நாவல் எழுத நினைக்கும் யாருக்கும் பழைய தீர்ப்புகளைப் படிக்கச் சொல்வேன். யார் யாருக்கு என்ன உறவு என்பதை இவ்வளவு துல்லியமாகப் பதிந்து வைக்கும் காகிதம் வேறு கிடையாது.

காகிதத்தில் இல்லாததும் அதே அளவு முக்கியம். மதுரையைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்த யூசுப் கானை 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கமான இடத்தில் தர்கா இருக்கிறது. மாதக்கணக்கில் நீடித்த முற்றுகையைப் பற்றி ராணுவக் குறிப்புகள் விரிவாகவே பேசுகின்றன. கோட்டைக்குள் கைக்குழந்தையோடு இருந்த அவர் மனைவி மாசாவைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. வரலாற்றுக் காதல் நாவல் நுழைய வேண்டிய இடம் அது. பீரங்கி எங்கே நின்றது என்பதை ஆவணம் சொல்லும். அரிசி குறையத் தொடங்கிய நாளில் அவள் அவரிடம் என்ன சொன்னாள் என்பதை நாவல்தான் சொல்ல முடியும். ஆனால் ஆவணம் சொன்னதை மாற்றாமல் சொல்ல வேண்டும். அக்டோபர் 15-ஐத் தள்ளிப்போட நாவலாசிரியருக்கு உரிமை இல்லை என்பது என் கட்சி.

சின்ன விஷயங்களிலும் இந்த நேர்மை வேண்டும். 1311-ல் மதுரையில் நடக்கும் கதையில் மிளகாய் அரைத்தால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். மிளகாய் போர்த்துக்கீசியர் வந்த பிறகு வந்தது, அதுவரை காரம் என்றால் மிளகு. அதேபோல அந்தக் காலத்துக் குடியானவன் ‘1876-ல்’ என்று நினைக்க மாட்டான். ‘தாது வருஷம்’ என்பான். தமிழ் வருஷங்களின் அறுபது பெயர்களும் சுழன்று திரும்பத் திரும்ப வருவதால், ஒரு பாட்டி ‘ஒரு தாதுவைப் பார்த்தாச்சு, இன்னொரு தாதுவைப் பார்க்கக் கூடாது’ என்று சொன்னால் அந்த ஒரு வரியில் அவள் வயசு, பஞ்சம், பயம் எல்லாம் வந்துவிடும்.

நல்ல தலைமுறை நாவல்களில் பெரும்பாலும் இப்படி ஒரு பாட்டி இருப்பாள். அவள் ஞாபகம்தான் கதையின் முதுகெலும்பு. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலில் மங்கத்தாயாரு அம்மாளுக்கு வயது 137. தெலுங்கு தேசத்தில் சென்னாதேவி என்ற அழகியை ஆட்சியாளன் ஒருவன் கேட்டதால் ஒரு குடும்பமே ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பித் தெற்கே வந்த கதையை, கரிசல் காட்டில் நிலைத்துவிட்ட பிறகு அவள்தான் சொல்கிறாள். இங்கேயும் தொடக்கம் ஒரு பெண் கேட்பு என்பதைக் கவனிக்கலாம். தஞ்சை மறுத்தபோது போர் வந்தது. இந்த வீடு மறுத்தபோது ஒரு கிராமம் உருவானது.

பாட்டிக்கு அடுத்தபடியாகப் பொருள். கதை தலைமுறை தாண்ட அது எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்: ஒரு வீடு, ஒரு பத்திரம், ஒரு ஜோடிக் காப்பு. மேலை நாட்டு நாவல்களைப் பார்த்துப் பழைய கடிதக் கட்டை வைப்பவர்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் கடிதக் கட்டு எங்கிருந்து வரும்? நம் பக்கத்துக்குப் பொருத்தமான ஒன்று பிடிமண். ஊரை விட்டுப் போகும் குடும்பம், குலதெய்வம் இருக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து கொண்டுபோய், குடியேறிய இடத்தில் வைத்துக் கும்பிடும். வருஷங்கள் கழித்துப் பேரப்பிள்ளைகள் மாசிப் படையலுக்கு மூலக் கோயிலைத் தேடி வந்து, யாரென்றே தெரியாத பங்காளிகளோடு பந்தியில் உட்காருவார்கள். பெயர் கேட்டு, கொள்ளுத்தாத்தா பெயர் கேட்டு, எந்த வருஷம் போனார்கள் என்று கணக்குப் போடும் அந்தப் பேச்சிலேயே ஒரு நாவலின் வம்சாவளி முழுக்க வந்துவிடும். உசிலம்பட்டி, கமுதிப் பக்கம் இதை நேரில் கேட்கலாம்.

தொடங்குபவர்கள் தடிமனான நாவலைக் கையில் எடுத்து, ஐம்பதாவது பக்கத்தில் பெயர்கள் குழம்பி, கீழே வைத்துவிடுவது சகஜம். அதனால் ‘கடலுக்கு அப்பால்’ முதலில் படியுங்கள். சின்ன நாவல், ஆட்கள் குறைவு. அது பிடித்தால் அதே ஆசிரியரின் ‘புயலிலே ஒரு தோணி’, அதே போர்க்காலத்தின் பெரிய வடிவம். பிறகு ‘கோபல்ல கிராமம்’. அதன் பின் பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012). ஆண்டி, மாரி என்ற இரண்டு நண்பர்களின் வீடுகளிலிருந்து தொடங்கி, 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் வரை போகும்; அவசரப்பட்டுப் படிக்கிற புத்தகம் அல்ல. ‘காவல் கோட்டம்’ ஆயிரம் பக்கத்தைத் தாண்டும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெரிய நாவலைத் திறக்கும்போது ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வையுங்கள். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் வீட்டில் நடப்பது: பிறப்பு, சாவு, கல்யாணம், பாகப்பிரிவினை. வலது பக்கம் நாட்டில் நடப்பது. நாவலில் வருஷம் சொல்லியிருந்தால் எழுதுங்கள். சொல்லாவிட்டால் ‘ரயில் வந்த பிறகு’ என்பதுபோல் குறித்தால் போதும். மதுரைக்கு ரயில் வந்தது 1875. அந்த ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டே பாதிக் கதையின் காலத்தைப் பிடித்துவிடலாம்.